பொறுப்பாளர் என்ற கட்டத்தில் உன் பெயர்

இன்று காலை அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு டி-சர்ட் கொடுத்தார்கள். உறையைப் பிரித்ததுமே புதுச் சாயத்தின் நெடி. நெஞ்சில் ‘துணிந்து புதுமை செய்’ என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. நம் கணினிப் பிரிவில் இன்று புதுமை நாளாம். உன் நாற்காலி இருந்த இடத்தில் பீன் பேக் என்ற மெத்தை இருக்கையைப் போட்டு, மனத்தில் தோன்றும் யோசனையை வண்ணத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். நீ இருந்திருந்தால், “ஒட்டினதெல்லாம் நாளைக்குக் குப்பைக்குத்தான் லா” என்று என் காதில் சொல்லியிருப்பாய். நீ இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் பக்கத்தில் திரும்பித்தான் பார்க்கிறேன்.

நம் கம்பெனி லாரிகள் தாமதமானால் கிடங்கில் இருப்பவர்களுக்குத் தானாகவே செய்தி அனுப்பும் அந்தச் சின்ன புரோகிராமை, தேக்கா உணவங்காடியில் சாப்பாட்டு இடைவேளைகளில்தான் எழுதினாய். பிரியாணித் தட்டை ஓரம் தள்ளிவிட்டு மடிக்கணினியை வைப்பாய். அதில் எண்ணெய் படிந்துவிடுமே என்று எனக்குக் கவலை. உனக்கோ வேறு கவலை.

“பாவம்டி அவங்க. வராத லாரிக்கு வெயில்ல நிக்கிறாங்க. ஒரு மெசேஜ் போட என்ன கஷ்டம்?”

எழுதுவது கஷ்டமில்லைதான். அனுமதி வாங்குவதற்குள் உனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. கூட்டத்துக்கு மேல் கூட்டம். எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். இதற்குப் பொறுப்பாளர் யார் என்று மேலாளர் கேட்டதும் அத்தனை பேருக்கும் திரையில் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது. நம் அலுவலக வழக்கம் அப்படி. படிவத்தில் பொறுப்பாளர் என்ற கட்டத்தில் பெயர் இருப்பவரை, எல்லாம் சரியாக ஓடும்வரை ஒருவருக்கும் தெரியாது. சறுக்கினால் முதலில் உருளுவது அவர் தலை. நீ உன் பெயரைப் போட்டாய். ஒருமுறை செய்தி வேறு கிடங்குக்குப் போய்விட, மாடி மாடியாக ஏறி விளக்கம் சொன்னாய்.

“தப்பே பண்ணக்கூடாதுன்னா ஒண்ணுமே பண்ணாம இருக்கணும்டி. இங்க அதுக்குத்தான் பிரமோஷன்” என்று லிஃப்டில் சொன்னாய். அன்று நீ சிரிக்கவில்லை.

இன்று மதியம் மேலாளர் பீன் பேக்கில் புதைந்தபடியே ஒரு செய்தி சொன்னார். வெள்ளிக்கிழமையோடு உன் புரோகிராமை நிறுத்துகிறார்களாம். அதில் ஒரு பழுதும் இல்லை. பொறுப்பாளர் உயிரோடு இல்லை என்பதைத் தணிக்கையில் கண்டுபிடித்துவிட்டார்களாம். உனக்கு மலர்வளையம் அனுப்பிய கம்பெனிக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது! வேறு யாராவது பெயர் தருகிறீர்களா என்று கேட்டார். துணிந்து புதுமை செய்யும் டி-சர்ட்டுகள் எல்லாம் தரையைப் பார்த்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை பேர் இருக்கும் பிரிவில் பொறுப்பேற்கச் செத்தவள் ஒருத்திதானா? ஆத்திரப்பட்டேனே தவிர, நானும் வாயைத் திறக்கவில்லை.

இடத்துக்குத் திரும்பினால் கிடங்கிலிருந்து மேற்பார்வையாளர் முருகேசன் அண்ணன் போன் செய்கிறார்.

“மேடம், மெசேஜ் நிக்கப் போகுதாமே? மறுபடியும் வெயில்ல நிக்கணுமா நாங்க?”

“இல்லண்ணே, நிக்காது” என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்ன பிறகு செய்யாமல் இருக்க முடியுமா?

கணினியில் அந்தக் கட்டத்தைத் திறந்தேன். உன் பெயரை அழித்தால்தான் என் பெயரை எழுத முடியும். ஒவ்வோர் எழுத்தாக அழிக்கும்போது அழுதுவிட்டேன். உன்மேல் கோபமாகக்கூட வந்தது. பிறகு என் பெயரை அடித்து அனுப்பினேன்.

காப்பி ஆறுவதற்குள் மேலிடத்திலிருந்து பதில் வந்துவிட்டது. முன்அனுமதி பெறாமல் பொறுப்பாளரை மாற்றியது ஏன் என்று, புதிய பொறுப்பாளர் என்ற முறையில் நான் உடனே விளக்கம் தர வேண்டுமாம்.

கேட்கட்டும். சனிக்கிழமையும் லாரி தாமதமானால் கிடங்குக்குச் செய்தி போகும்.