போர்வைக்குள் இருக்கும் ஊசிமுனை

என் தங்கமான அம்மாவுக்கு,

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். பிரெஞ்சுப் பாடத்துக்காக வைத்திருந்த தாளில் இதை எழுதுகிறேன். விளக்குத் திரியைக் குறைத்து வைத்திருக்கிறேன். அப்பா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டாலே தாளை மறைத்துக்கொள்கிறேன். விடிவதற்குள் நான் ஒரு காரியம் செய்தாக வேண்டும். உன்னைக் கேட்காமல் அதைச் செய்யத் துணிவில்லை. வேறு யாரைப் போய்க் கேட்பேன்?

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். தனம் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. காது இரண்டும் உன் காது. நாளைக் காலையில் அக்கா வீட்டுக்காரர் சோரியாங்குப்பத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறார், இரண்டு பேரையும் அழைத்துப் போக. பாப்பாவோடு நீ தைத்த போர்வையும் போக வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

அந்தப் போர்வையால்தான் இவ்வளவும். அக்கா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் உன் பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைக்க ஆரம்பித்தாயே, நினைவிருக்கிறதா? பாதி முடிந்திருந்தபோது ஐப்பசி மழையோடு வந்த அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. நீ விட்ட இடத்தில் நூல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா அதை மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். யாரையும் தொட விடவில்லை.

போன வாரம் அவராகவே அதை எடுத்து அஞ்சலை அத்தையிடம் கொடுத்தார். "மீதிய நீ முடிச்சிடு அஞ்சல. அவ தச்ச எடத்துல ஒரு நூலு போவக் கூடாது" என்றார். அப்படியே கொல்லைப்பக்கம் போய்விட்டார். தங்கையிடம் அப்பா அப்படித் தணிந்து பேசி நான் பார்த்ததில்லை.

அத்தை கையால் தைப்பாளா? அவளுக்கு எல்லாமே தையல் மிஷின்தான். இதற்காக நீங்கள் இரண்டு பேரும் எத்தனை முறை வம்பு பேசியிருப்பீர்கள். "நீ தச்சு முடிக்கறதுக்குள்ள அந்தப் புள்ளைக்கே புள்ள பொறந்துடும் அண்ணி" என்பாள் அவள். "ஒன் மிஷினு போடற சத்தத்துல வவுத்துல இருக்கிறதே முழிச்சிக்கும், போடி" என்பாய் நீ. ஆனால் அவள் எழுந்து போன பிறகு, குத்துப்பட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு, நமக்கும் ஒரு மிஷின் இருந்தால் தேவலை என்று என்னிடம் சொன்னாய். அதை நான் அத்தையிடம் இதுவரை சொல்லவில்லை.

அவளுடைய பாதி நன்றாகவே வந்தது, அம்மா. பொய் சொல்லக் கூடாது. கோடு போட்டது போல நேராக ஓடியது. மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்வதால் எவ்வளவு இழுத்தாலும் விடவில்லை. உன் பாதியில் வரிசைகள் கொஞ்சம் வளைந்துதான் போகின்றன. ஆனால் அது தொட்டால் குழைகிறது, அத்தையின் பாதி சற்று விறைத்து நிற்கிறது. பாப்பாவுக்கு எது சுகமாக இருக்கும் என்று நேற்றுவரை யோசித்துக்கொண்டிருந்தேன். இன்று அந்த யோசனையெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

இன்று காலையில் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் அத்தை மிஷினை ஓட்டினாள். நான் எதிரே உட்கார்ந்து துணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் புடவைக் கரைகள் எல்லாம் ஒன்றாக வந்து தடித்திருந்தன. நிறுத்தி, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றியிருக்க வேண்டும். அவளுக்கு அவசரம். டக்கென்று ஒரு சத்தம். மிஷினில் பாதி ஊசிதான் இருந்தது. கீழ்முனையைக் காணவில்லை.

தரையெல்லாம் தேடினோம். துணியை உதறினோம். உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். தட்டுப்பட்டதெல்லாம் நூல்முடிச்சு போலவே இருந்தது. "மண்ணுல பூந்திருக்கும், வுடுடி" என்று சொல்லிவிட்டு அத்தை வேறு ஊசி மாட்டித் தைத்து முடித்தாள். அப்பாவிடம் மூச்சு விடக் கூடாது என்றாள்.

கையால் தைக்கும்போது ஊசி உடைந்தால் முதலில் விரலுக்குத் தெரிந்துவிடும். மிஷினுக்கு விரல் இல்லையே, அம்மா. அது எதை விழுங்கியது என்று யார் சொல்வது?

மத்தியானம் அந்தப் போர்வையை விரித்து நானே அதன்மேல் உருண்டு பார்த்தேன். எதுவும் குத்தவில்லை. ஆனால் பாப்பா நாள் முழுக்கக் காலை உதைத்துக்கொண்டு கிடப்பாள். இன்றைக்குக் குத்தாதது நாளை மறுநாள் நகர்ந்து மேலே வந்தால்? அவள் அழுதால் பசி என்றுதானே எடுப்பார்கள்?

அக்கா குளிக்கப் போயிருந்த நேரம். பாப்பா அத்தை தோளில் இருந்தாள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "பாப்பாவ நீயே இதுமேல படுக்க வைய்யி அத்த. அப்பறம் நான் பேசவே மாட்டேன்" என்றேன்.

முறைத்தாள். "ஒனக்கு வாய் ரொம்பதான் நீண்டுபோச்சி" என்றாள். குழந்தையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு குனிந்தாள். குனிந்தபடியே நின்றாள். பாப்பாவின் குதிகால் துணியில் பட்டதும் வெடுக்கென்று தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

பாப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மிஷின் தையல் இழுத்தால் வராது. தையலுக்குத் தையல் வெட்ட வேண்டும். அக்கா வந்து கேட்டபோது, தையல் கோணலாகப் போய்விட்டது என்று சொல்லிச் சமாளித்தாள். ஒரு வாரமாகத் தைத்ததைப் பொழுது சாய்வதற்குள் பிரித்துப் போட்டாள். சேர்ந்திருந்த இடத்தையும் பிரித்தோம். ஒவ்வொரு புடவையாகத் தூக்கிப் பார்த்தோம்.

அங்கே இல்லை.

அப்படியானால் தரையில் விழுந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுக்குகளுக்கு இடையில் நழுவி உன் பாதிக்குள் போயிருக்க வேண்டும். "ஒங்கம்மா பக்கத்த நான் தொட மாட்டேன் பச்சையம்மா. அண்ணன் மொகத்துல எப்பிடி முழிப்பேன்?" என்று சொல்லிவிட்டு அத்தை கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவள் அழுவதை அப்போதுதான் பார்த்தேன்.

இப்போது அந்தப் பாதி என் மடியில் இருக்கிறது. உன் கை கடைசியாகத் தைத்தது இதுதான். பிரித்து முனை கிடைத்துவிட்டால் அப்பாவிடம் காட்ட ஒன்று இருக்கும். கிடைக்காவிட்டால்? ஒன்றுமில்லாததற்காக உன் தையலை அழித்தவள் என்று என்னை அவர் பார்ப்பாரே, அந்தப் பார்வையை நான் எப்படித் தாங்குவேன்?

ஆனால் எழுத எழுத ஒன்று தோன்றுகிறது. ஒவ்வொரு கோடையிலும் பழைய போர்வைகளை நீயே பிரிப்பாயே. ஒரு ஓரத்தில் முடிச்சை அறுத்து நூலை இழுப்பாய், வரிசை முழுக்க அப்படியே வந்துவிடும். புடவைகளைத் தனித்தனியாகத் துவைத்துக் காயவைத்து மறுபடி தைப்பாய். பிரிக்க வேண்டும் என்பதற்காகத்தானே அவ்வளவு தளர்வாகத் தைத்தாய்? இருந்திருந்தால் வரும் சித்திரையில் இதையும் நீயே இழுத்திருப்பாய் அல்லவா? வயலிலிருந்து வரும் அப்பா தைத்து முடித்ததைத்தான் பார்த்திருக்கிறார். நீ பிரிப்பதை அவர் பார்த்ததில்லை. அவருக்கு இதை யார் சொல்வது? நான்தான் சொல்ல வேண்டும்.

அதனால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், அம்மா. காலையில் அப்பா எழுந்ததும் நானே அவர் முன்னால் போய் நிற்பேன். அத்தையைத் தனியாக மாட்டிவிட மாட்டேன். முனை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்தப் புடவைகள் நாளைக்குத் தைக்காமலே வண்டியில் போகும். பள்ளிக்கூடம் விட்டதும் சோரியாங்குப்பம் போய் நான் தைத்துக் கொடுப்பேன். ஓரங்களை வேண்டுமானால் அத்தை மிஷினில் அடிக்கட்டும், அது உறுதியாக நிற்கும். பாப்பா முதுகு படும் இடமெல்லாம் என் விரல் பார்த்துத்தான் ஊசி இறங்கும்.

நீ கடைசியாகத் தைத்த வரிசையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது வரும்போது கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று ஆசையாக இருக்கிறது. ஆனால் மூட மாட்டேன். ஊசி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமே.

உன் சின்ன மகள், பாப்பாவுக்குச் சித்தி,
பச்சையம்மாள்