ஊதா மை

டெலானிபூர், போர்ட்பிளேயர்
3.7.2023

சிவப்பிரகாசத்தின் அப்பாவுக்கு வேலாயி எழுதிக்கொண்டது.

இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் சுகம் என்று மகன் சொன்னான். போனில் பேசலாம்தான். ஆனால் கச்சால் தீவில் டவர் கிடைத்தாலும் நீங்கள் "ம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகன் வீட்டுக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. இங்கேயும் சும்மா இல்லை. அங்கே ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் என்ன செய்தேனோ அதைத்தான் இங்கேயும் செய்கிறேன். பிஸ்கட் உறை, மாத்திரை அட்டை, பழைய கப்பல் டிக்கெட், காலண்டர், எது கிடைத்தாலும் வெட்டி, அட்டையில் ஒட்டி, படமாக்குகிறேன். மருமகள் பானு முதலில் முகம் சுளித்தாள். "அத்தை, குப்பை வண்டி வர்றதுக்கு முன்னாடி நீங்க போய் நிக்கிறீங்க, பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க" என்றாள். இப்போது அவளே டீத்தூள் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்துத் தருகிறாள். குப்பை வண்டிக்காரரும் "மாஜி, ஆஜ் க்யா சாஹியே", இன்றைக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, பளபளப்பான உறைகளைத் தனியே எடுத்து வைக்கிறார்.

பக்கத்து குவார்ட்டர்ஸில் ஷோபனா என்று ஒரு டிராயிங் டீச்சர். ஒருநாள் உப்பு கேட்டு வந்தவர் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "பாட்டி, இதுக்குப் பேரு கொலாஜ்" என்றார். "நான் அஞ்சாவதோட நின்னவ டீச்சர், காலேஜுக்கு எங்க போனேன்" என்றேன். அவர் சிரித்து ஓய்வதற்குள் நான் உப்பு கொடுத்து, டீயும் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து இந்தத் தெருவில் எனக்குக் காலேஜ் பாட்டி என்று பேர். கேலிதான். இருந்தாலும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

விஷயம் இதுதான். ஆகஸ்ட் 19ஆம் தேதி தொடங்கி மூன்று நாள், ஊருக்குள் ஒரு ஹாலில் என் படங்களை மாட்டப் போகிறார்கள். மொத்தம் பன்னிரண்டு. எல்லாம் நான் செய்தது, வேறு யாருடையதும் இல்லை. வாசல் போர்டில் என் பேரோடு உங்கள் பேரும் வரவேண்டும், என்ன பேர் என்று டீச்சர் கேட்டார். உங்கள் பேரை நான் வாயால் சொல்வேனா. பேத்தி சுபிதாதான் சொன்னாள்.

பன்னிரண்டில் பெரியது கப்பல் படம். உங்கள் அப்பாவின் பாஸ்போர்ட்டை வெட்டி நான் ஒட்டினேனே, நமக்குள் சண்டை வந்து நான் பெட்டியைத் தூக்கினேனே, அதே படம். மறைத்து வைத்துப் பிறகு உங்களுக்குத் தெரியவேண்டாம் என்றுதான் முன்னாலேயே எழுதுகிறேன்.

வரச்சொல்லிக் கேட்கவில்லை. தகவல் சொல்கிறேன். 17ஆம் தேதி அங்கிருந்து ஒரு கப்பல் புறப்படுகிறதாம். அதுவும் தகவல்தான்.

இப்படிக்கு,
வேலாயி


கச்சால்
11.7.2023

வேலாயிக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். பிரஷர் மாத்திரை இன்னும் இருக்கிறது. லயத்துக்குப் பின்னால் உள்ள இரண்டு ரப்பர் மரத்திலும் நானே பால் வெட்டுகிறேன். வாங்க ஆள் இல்லை. ஆனாலும் விடிந்தால் கை தானாகக் கத்தியைத் தேடுகிறது. நீ வைத்த கறிவேப்பிலை ஆள் உயரம் வந்துவிட்டது.

பதினொரு படம் வை. கப்பல் படத்தை வைக்காதே.

சுனாமி அன்று தண்ணீர் ஏறும்போது நான் கையில் எடுத்தது அந்தப் பாஸ்போர்ட் ஒன்றுதான். அப்பா சிலோனில் இருந்து எங்களைக் கூட்டிவந்தார் என்பதற்கு என்னிடம் வேறு சாட்சி இல்லை. கடல் விட்டுவைத்ததை நீ கத்தரிக்கோலால் வெட்டினாய். அதை நாலு பேர் நின்று ரசிப்பதை என்னால் தாங்க முடியாது. பாஸ்போர்ட்டின் மேல்மட்டையும், அப்பா படம் உள்ள பக்கமும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அதையாவது நீ தொடவில்லை.

ராக்கப்பன்


டெலானிபூர்
20.7.2023

சிவப்பிரகாசத்தின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கறிவேப்பிலை வரியை மட்டும் நான்கு முறை.

பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஓடினீர்கள், சரி. பெண்டாட்டி பின்னால் வருகிறாளா என்று மலை ஏறி முடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தீர்கள். பத்தொன்பது வருஷமாக இதை நான் சொன்னதில்லை. நீங்கள் சுனாமியைக் கடிதத்தில் கொண்டுவந்ததால் சொல்கிறேன்.

ஏன் வெட்டினேன் என்று நீங்கள் அன்றும் கேட்கவில்லை, சத்தம்தான் போட்டீர்கள். நான் பன்னிரண்டு வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறினேன். அன்றைக்குக் காலையில் கடல் நீலமாக இல்லை, ஊதாவாக இருந்தது. படத்தில் தேயிலை மலைக்கு டீத்தூள் பாக்கெட்டின் பச்சை சரியாக வந்துவிட்டது. மழைக்கு மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளை ஊசி ஊசியாக வெட்டினேன், அதுவும் வந்துவிட்டது. கடல்தான் வரவில்லை. சோப்பு உறையின் ஊதா மினுக்கியது. மிட்டாய்த் தாளின் ஊதா அழுக்குத் தண்ணீர் மாதிரி இருந்தது. ஒரு வருஷம் தேடினேன். தகரப்பெட்டியைத் துடைக்கும்போது பாஸ்போர்ட்டைத் திறந்தால், கரையேறியதும் மண்டபம் கேம்ப்பில் குத்திய முத்திரை. மை தாளில் ஊறி, ஓரமெல்லாம் பரவி, அப்படியே அந்தக் கடல். கேட்டால் தரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை.

உங்கள் அப்பாவின் முகத்தை வெட்டக் கை வரவில்லை, அதைத்தான் உங்களிடம் விட்டுவிட்டு வந்தேன். கப்பலில் நாற்பது பேரை ஒட்டியிருக்கிறேன். ஒருவருக்கும் முகம் கிடையாது.

தகரப்பெட்டிக்குள் இருக்கும்வரை அது உங்களுக்கு மட்டும்தான் சாட்சி. சுவரில் மாட்டினால் பார்க்கிறவர்களுக்கெல்லாம் சாட்சி. கப்பல் படம் கூடாது என்றால் மற்ற பதினொன்றும் வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிவிடுவேன். அது இல்லாவிட்டால் மீதியெல்லாம் வெறும் பிஸ்கட் உறைதான்.

வேலாயி


டெலானிபூர்
1.8.2023

சிவப்பிரகாசத்தின் அப்பாவுக்கு,

உங்கள் பதில் வருவதற்குள் அடுத்த கடிதமும் எழுதும்படி ஆகிவிட்டது.

இங்கே ஒன்பது நாளாக மழை விடவில்லை. கப்பல் படத்தைப் பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தேன். நேற்றுத் துடைக்கலாம் என்று இழுத்தால், கடல் முழுவதும் கழன்று தரையில் கிடந்தது. நான் காய்ச்சிய மைதா பசை ஈரத்தில் இளகி, மிச்சத்தைக் கரப்பான் பூச்சி தின்றுவிட்டது. தாளை அது தொடவில்லை. ஏழு துண்டும் முழுசாக இருக்கின்றன, மையும் கலையவில்லை.

மேசையில் வைத்து ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்த்தேன். பக்கம் பக்கமாகவே வந்துவிட்டது. முத்திரையும், அதன் கீழே யாரோ போட்ட கையெழுத்தும்கூட. வெட்டிய கோடு மட்டும் தெரிகிறது. அதைப் பார்த்த பிறகுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது.

பானு, "கடையில நல்ல பசை விக்குது அத்தை, ஒரு மணி நேர வேலை, ஒட்டிடலாம்" என்றாள். டீச்சரும் அதையேதான் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். முதல் தடவை கேட்காமல் வெட்டினேன். இந்தத் தடவை கேட்காமல் ஒட்டமாட்டேன்.

துண்டுகளை ஒரு உறையில் போட்டு அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறேன். வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள், அனுப்பிவிடுகிறேன். கடல் இருந்த இடத்தை வெறும் அட்டையாகவே விட்டுப் படத்தை மாட்டுவேன். மற்ற பதினொன்றையும் வேண்டாம் என்று போன கடிதத்தில் எழுதியது கோபத்தில் எழுதியது. நீங்கள் என்ன சொன்னாலும் பன்னிரண்டையும் மாட்டுவேன்.

என்னை மன்னித்துவிடுங்கள். படம் செய்ததற்காக இல்லை. உங்களைக் கேட்காததற்காக.

வேலாயி


கச்சால்
9.8.2023

வேலாயிக்கு,

கடல் சரியில்லாமல் கப்பல் பிந்தியது. உன் இரண்டு கடிதமும் நேற்று ஒன்றாக வந்தன. பின்னால் எழுதியதை முதலில் பிரித்துவிட்டேன். நல்லதாகப் போயிற்று.

முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டிய நீ மைதா காய்ச்சிப் படம் ஒட்டினாய் என்று யாரிடம் சொல்லிச் சிரிப்பது. கரப்பான் பூச்சிக்கு விருந்து வைத்திருக்கிறாய். நம் இரண்டு மரத்துப் பால் இங்கே வாங்க ஆளில்லாமல் உறைந்து கிடக்கிறது. இன்று வெட்டிய பாலை உறையாமல் இருக்க அமோனியா விட்டு, பசைக்கென்று ஒரு பாட்டிலில் எடுத்து வைத்துவிட்டேன். தாளிலும் அட்டையிலும் மெல்லிசாகத் தடவி, வெள்ளை போய்த் தெளியும்வரை காயவிட்டு, அப்புறம்தான் சேர்த்து அழுத்தவேண்டும். உனக்கே தெரியும். தெரிந்தும் நீ பொறுக்கமாட்டாய், ஈரத்தோடு ஒட்டுவாய். அதனால் பாட்டிலை வேறு யார் கையிலும் கொடுத்தனுப்பவில்லை. 17ஆம் தேதிக் கப்பலுக்கு எனக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். 18ஆம் தேதி வந்து சேருவேன். ஏழு துண்டு ஒட்ட ஒரு நாள் போதும்.

துண்டுகளை அனுப்பவேண்டாம். அரிசி டின்னிலேயே இருக்கட்டும்.

மட்டையையும் அப்பா படத்தையும் கொண்டுவருகிறேன். வெட்டுவதற்கு இல்லை. நாற்பது பேரில் ஒருவருக்காவது முகம் இருக்கட்டும் என்றுதான். முழுசாக ஒட்டு, நான் பக்கத்தில் நிற்பேன். நான் வீட்டுக்குள் நுழையும்போது கத்தரிக்கோல் பானு கையில் இருக்கவேண்டும்.

ஒன்றைத் திருத்தவேண்டும். அன்று நான் மலை ஏறி முடித்த பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. பாதியிலேயே பார்த்தேன். நீ வேரைப் பிடித்துக் குனிந்து ஏறிக்கொண்டிருந்தாய், அதனால் உனக்குத் தெரியவில்லை. உன்னைப் பார்த்த பிறகுதான் மீதியை ஏறினேன்.

கறிவேப்பிலை ஒரு கொத்து ஈரத்துணியில் சுற்றி எடுத்துவருகிறேன். குழம்புக்கு. ஒட்டிவிடாதே.

ராக்கப்பன்

மறந்துவிட்டேன். வாசல் போர்டில் என் பேரைச் சுபிதா எழுதவேண்டாம், நீயே எழுது. வாயால் சொல்லத்தானே உனக்குக் கூச்சம், கையால் எழுதலாம்.