திருப்பிச் சொன்னாளே, டாக்டர்

இன்று காலையில் என் கால் காயத்துக்கு டிங்சர் தடவினார்கள். அந்த நெடி எழுந்ததும், உத்திரமேரூர்ப் பக்கத்து நம் சுகாதார நிலையமும் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்ற நீங்களும் என் கண்முன் வந்துவிட்டீர்கள், டாக்டர்.

பெருமாள் கோயில் மண்டபத்தில் நாங்கள் பாசுரம் ஓதிப் பழகும் சந்தை வகுப்பை ஒரு மாலை நின்று கேட்டீர்கள். ஒருவர் ஒருமுறை சொல்ல, மற்றவர்கள் இருமுறை திருப்பிச் சொல்லும் அம்முறை உங்களுக்குப் பிடித்துப்போயிற்று. மாத்திரை வாங்கும் ஒவ்வொருவரும் நீங்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று மறுநாளே விதித்துவிட்டீர்கள். “இனிமே தப்பே வராது, சாமி” என்றீர்கள்.

புரட்டாசியில், மார்ச்சளிக் காய்ச்சலோடு முனியம்மாள் என்ற குடியானவப் பெண் வந்தாள். மூன்று வேளை, சாப்பிட்ட பிறகு என்று பிசகாமல் ஒப்பித்துவிட்டுப் போனாள். சில நாளில் மூச்சிரைக்க மாட்டுவண்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். மாத்திரைகள் பெரும்பாலும் பொட்டலத்திலேயே இருந்தன. நீங்கள் சீறினீர்கள். அவள் திணறித் திணறிச் சொன்னாள்:

“சோறு துன்ன பொறவு தான நைனா போடச் சொன்ன? பெருமாளுக்கு ஒருபொழுது கீறேன். ஒரு வாட்டி தான துன்றேன்.”

“கேக்கணும்னு தான் சொல்லிக்கினு இருந்தா. நீங்க கோச்சிக்குவீங்கன்னு நாந்தான் இட்டுகினு பூட்டேன்” என்றான் அவள் கணவன்.

காஞ்சிபுரத்துக்கு அனுப்பினீர்கள். பிழைத்து வந்தாள், நாற்று நடும் வலு மட்டும் திரும்பவேயில்லை.

அதன்பின் நீங்கள் எவரையும் ஒப்பிக்கச் சொல்லவில்லை. “நாளைக்கு எப்பெப்போ சாப்புடுவ? மாத்திரைய எப்போ போடுவ?” என்றே கேட்டீர்கள். வரிசை நீள்கிறதென்று நர்சம்மா முணுமுணுத்தும் விடவில்லை.

உங்களுக்குப் பின் வந்தவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். “அதான் கரெக்டா திருப்பிச் சொல்றாங்களே, பெரியவரே” என்கிறார்கள். நீங்கள் கைவிட்டதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், கண்டடைந்ததைத் தொலைத்துவிட்டார்கள்.

எங்கள் சந்தையிலும் இப்போது ஓதி முடித்ததும், இங்கே அடியவர் எம்பெருமானிடம் வேண்டுவது என்ன என்று கேட்கிறேன். ஓரெழுத்தும் பிறழாமல் ஓதியவர்கள் தரையைப் பார்க்கிறார்கள். அப்போது எனக்குள் எழுகிற கோபம் உங்களுடையது. முனியம்மாளை ஏற்றிய வண்டி போன பிறகு, வாசலிலேயே நின்று உங்கள்மீது நீங்களே கொண்டீர்களே, அது.