இளவரசியின் செருப்பு

கார்த்திகை, ஞாயிறு

சாயங்காலம் மகளோடு கார்ட்டூன் படம் பார்த்தேன். மலைக்கு அப்பால் போக வேண்டும் என்பதுதான் இளவரசியின் ஆசை. பூதத்தையும் காட்டாற்றையும் தாண்டிவிடுவாள் என்று நினைத்தால், அவள் கிளம்பும் முன்பே சித்தி செருப்பை ஒளித்துவிடுகிறாள்.

மகளுடைய குத்துச்சண்டை கிளவுஸைப் பரணில் ஒளித்து வைத்திருப்பவள் நான்தான். நாளை வியாசர்பாடியில் அவளுக்கு செலக்‌ஷன். அடுத்த வாரம் பெண் பார்க்க வருகிறார்கள். மூக்கு உடைந்துவிட்டால்?

"சித்தி கெட்டவதான். ஆனா நான்தான் எட்த்தேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றா பாரும்மா" என்றாள் மகள், திரும்பாமலே.

"சாப்புட வா" என்றேன்.

"மீதிய பாத்து இன்னா ஆவப்போவுது? படத்துல இளவரசி எப்டியும் மலைக்கு அந்தாண்ட பூடுவா" என்று டிவியை அணைத்துவிட்டாள்.

பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள், இன்னும் தூங்கவில்லை. எழுந்து கிளவுஸை எடுத்துக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.