ஆறு மணிக்கு எழுநூறு வண்டி

மார்ச் 4
விரைவுச்சாலைக் கணக்கெடுப்பு இன்று தொடங்கியது. எனக்குப் புது வேலை. பதினோராவது கிலோமீட்டர் தூணில் உள்ள கருவி, கீழே கடக்கும் வண்டிகளை எண்ணும். மணிக்கு எத்தனை என்று நான் அட்டவணை போட வேண்டும். பிறகு என்ஜினீயர் சாலைக்கு மார்க் போடுவார். தாராளமாக ஓடினால் ஏ, ஊர்ந்தால் எஃப்.

வீட்டுக்காரர் இன்றும் எட்டு மணிக்குத்தான் வந்தார். "ஒரே ஜாம். வண்டி நகரவே இல்ல."

மார்ச் 7
காலையில் ஒரு தடத்தில் மணிக்கு ஆயிரத்து எண்ணூறு வண்டி. மாலை ஆறிலிருந்து ஏழுக்குள்? எழுநூறு. பாதிகூட இல்லை! காலியான சாலையில் என்ன ஜாம்?

மார்ச் 8
எழுநூற்றுப் பத்து. அவர் வந்தது 8.05.

மார்ச் 11
"எங்க மாட்டிக்கிட்டீங்க?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"பதினோராவது கிலோமீட்டர்ல. முக்கால் மணி நேரம்."

என் தூணுக்கு அடியிலேயே! கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்கு மதி எங்கே போயிற்று? சட்டையை முகர்ந்து பார்த்தேன். வியர்வைதான். ஏசி காரில் வியர்ப்பானேன்?

மார்ச் 13
தங்கையிடம் போனில் கொட்டிவிட்டேன். "போக்கா, உன்கிட்டயே பொய் சொல்ற அளவுக்கு அத்தானுக்குச் சாமர்த்தியம் ஏது?" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அட்டவணை என்னிடம் இருக்கிறது.

மார்ச் 14
கேட்டேவிட்டேன். தாளை அவர் முன்னால் போட்டேன். யாரு அவ? சொல்லுங்க. நம்பர் பொய் சொல்லாது.

தாளை எடுத்துப் பார்த்தார். "நான் அங்கதான்மா நின்னேன்" என்றார். குளிக்கப் போய்விட்டார். இதெல்லாம் ஒரு பதிலா?

மார்ச் 18
இன்று வேகப் பதிவும் வந்தது. என்ஜினீயர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மாலை ஆறு மணி: எழுநூறு வண்டி, வேகம் ஒன்பது கிலோமீட்டர். சிவப்பு மையில் எஃப் போட்டார்.

"சார், வண்டி கம்மியாத்தானே இருக்கு?"

"கடந்து போனதுதாம்மா கம்மி. நகர்ந்தாத்தானே கடக்கும்? நிக்கிற வண்டியக் கருவி எப்படி எண்ணும்? புதுசா வர்றவங்க எல்லாரும் இதுல ஒரு தடவ விழுவாங்க."

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்! நின்னவர நிக்கலன்னு சொல்லிட்டேனே.

வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டேன். அழுதேன். "சரி, விடு" என்றார்.

மார்ச் 19
மாலை 6.20. அவரிடமிருந்து போனில் ஒரு படம். முன்னால் வரிசையாகச் சிவப்பு விளக்குகள், ஓரத்தில் பதினொன்று என்று எழுதிய கல். ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 27
தினமும் படம் வருகிறது. அனுப்பாதீங்க, எனக்கு வெட்கமாக இருக்கிறது என்றேன். "இருக்கட்டும். உனக்குக் கணக்கு வேணுமே" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் தேவலை.

ஏப்ரல் 2
நேற்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன், இனி அனுப்பவே வேண்டாம் என்று. தலையாட்டினார்.

இன்று படம் வரவில்லை. ஏழு மணிக்குள் நாலு தடவை போனை எடுத்துப் பார்த்துவிட்டேன்.