பல்செட்டில் ஒட்டிய நட்சத்திரம்

மதி அப்பாவுக்கு,

பெயின்ட் வாங்கி வந்ததும் சாப்பிடுங்கள். நெத்திலிக் குழம்பு மூடி வைத்திருக்கிறேன். தண்ணீர் லாரி வந்தால் இரண்டு குடமாவது பிடியுங்கள். பசை காயட்டும் என்று லாரிக்காரன் காத்திருக்க மாட்டான்.

காலையில் பல்செட்டை எடுத்தால் முன்பல்லில் உங்கள் பொம்மைப் போர் விமானத்தின் சிவப்பு நட்சத்திரம். ஸ்டிக்கரை ஊறவைக்க என் பல்செட் டம்ளர்தானா கிடைத்தது? “இன்னாய்யா இது?” என்று கேட்டேன். “ஏம்மே, கிழியலியே?” என்றீர்கள். என் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இன்றைக்கு என் தம்பி மகள் நிச்சயத்துக்கும் அதே கதைதான். “றெக்க இன்னும் காயல. நீ போய்ட்டு வாம்மே.” மாமா எங்கே என்று சபையில் கேட்டால், றெக்கை காய்கிறது என்று சொல்லவா?

நான் காலடிப்பேட்டைக்கு, தம்பி வீட்டுக்குப் போகிறேன்.

சொக்கம்மாள்

உங்கள் விமானத்தில் உட்காரவேண்டிய குட்டி பைலட்டைத் தேடாதீர்கள். என் சுருக்குப்பையில் இருக்கிறான். ஏழு மணிக்குத் தட்டு மாற்றுகிறார்கள். சபையில் வந்து உட்கார்ந்தால் தருவேன்.

வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறது. விரலில் இருக்கும் பசையைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். சாவியை எதிர்வீட்டு ரமாபாயிடம் கொடுங்கள்.

நட்சத்திரத்தை முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். கிழியவில்லை.