சட்டைக்கு வெளியே வந்த அம்மை

மதினி,

நேற்று குளித்துவிட்டு வந்த என்னிடம் மருமகள் ஒரு துண்டை நீட்டினாள். மூக்கருகே கொண்டு போனேன். பாதி காய்ந்த துணியின் புழுங்கல் வாடை. அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"அடைமழையிலே இம்புட்டுத்தான் மாமா காயும்."

"அப்ப இஸ்திரிப் பெட்டியை வச்சு ஒரு இழு இழுத்துக் கொண்டா. ஈரத்தை ஈரத்தாலே துடைக்கவா?"

சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது உங்கள் பேச்சு. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் இந்த வீட்டில் ஈரத்துணியோடு நடக்கும் சண்டை ஓயவில்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதென்று உங்களுக்குத் தெரியும். நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். அழகுபடுத்தாதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஐப்பசி நினைவிருக்கும். வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் நான் மருந்துக் கலவையில் இருந்தேன், நீங்கள் திரி செருகும் அறையில். வெயிலைக் கண்ணில் காணோம், புழுக்கம் மட்டும் போகவில்லை. அலுமினியப் பொடி காய்ந்த உடம்பில் விழுந்தால் தட்டிவிடலாம். வேர்த்த உடம்பில் அப்பிக்கொள்ளும். நீங்கள் கம்பெனித் தொட்டியிலேயே கைகால் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, பையில் கொண்டு வந்த காய்ந்த சேலையை மாற்றிக்கொண்டுதான் கிளம்புவீர்கள். ஆம்பிளைகள் நாங்கள் மழையில் நனைந்து வீடு வந்தாலே குளித்த கணக்கு. உங்கள் கேலி இன்னும் காதில் கிடக்கிறது: "வெள்ளிக் கவசம் சாத்துன சாமி கணக்கா வாரீகளே கொளுந்தனாரே, சூடம் காட்டவா?"

பிறகு முழங்கைக்குக் கீழேயும் கழுத்திலும் முத்து முத்தாகப் போட்டது. அம்மா பார்த்தவுடன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இருக்கன்குடி ஆத்தா எறங்கிட்டா." வாசலில் வேப்பிலை ஏறியது. அம்மை என்றால் குளிப்பு கிடையாது, சோப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. தாளிக்கும் வாசனைகூட வரக்கூடாது. நான் பொடியோடும் வேர்வையோடும் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தேன். முத்து உடைந்து தண்ணீர் கோத்தது. தோல் உரிந்தது. விரல்கள் வீங்கி, கையை மூட முடியாமல் போனது. கலவை பார்க்கிறவனுக்கு விரல்தானே உயிர்? அம்மாவோ, ஆத்தா விளையாடுகிறாள், பொறு என்றாள்.

பிறந்த வீட்டுக்குப் போயிருந்த நீங்கள் திரும்பி வந்தீர்கள். வாசல் வேப்பிலையைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள்.

"போத்தியிருக்கிற துணியை எடுங்க."

"ஏத்தா, தள்ளி நில்லு. வெளியே போயிட்டு வந்த உடம்பு, தீட்டு" என்றாள் அம்மா.

நீங்கள் தள்ளி நிற்கவில்லை. என் முதுகு, நெஞ்சு, வயிறு எல்லாவற்றையும் பார்த்தீர்கள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினீர்கள். "ஏன் அத்தை, ஆத்தாளுக்குச் சட்டைன்னா பயமா? சட்டை மறைச்ச எடத்திலே ஒரு முத்துக்கூட இல்லையே. இது ஆத்தா இல்லே. கம்பெனி."

தெருவே வாசலில் கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரி கத்தினாள்: "சாமி குத்தம்! ஒன் கண்ணைப் புடுங்கிருவா பாத்துக்கோ!"

"புடுங்கட்டும். அதுக்குள்ளே இவுகளுக்கு ரெண்டு கையும் மிஞ்சிரும்."

அண்ணனை வெந்நீர் விளாவச் சொன்னீர்கள். பெண்டாட்டிக்கும் பெற்றவளுக்கும் நடுவில் அவன் செம்போடு நடுங்கியது எனக்கு அந்த எரிச்சலிலும் சிரிப்பாக இருந்தது. "மெள்ள ஊத்துங்க. ஒத்தி எடுங்க, தேய்க்காதீக." என் கையிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் ஓடி வாய்க்காலில் மினுங்கியது. அதைப் பார்த்த பிறகும் தெரு வாயை மூடவில்லை. நனையாமல் குடை பிடித்து என்னைச் சாத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனீர்கள். டாக்டரும் பார்த்துவிட்டு மருந்துப் பொடி என்றார், களிம்பு கொடுத்தார், சொன்னதெல்லாம் நீங்கள் சொன்னதுதான்: கழுவு, காயவை, ஈரத்துணி ஆகாது. மார்கழிக்குள் என் விரல்கள் மடங்கின.

அதற்கான விலையைத் தெருக்காரர்கள் உங்களிடமிருந்து வாங்கினார்கள். தை வெள்ளிக்கு இருக்கன்குடி போன பெண்கள் உங்களை வேனில் ஏற்றவில்லை. ஆத்தாளை எதிர்த்தவள் பானை பக்கத்தில் இருந்தால் தங்கள் பானை பொங்காது என்றார்கள். நீங்கள் பஸ் ஏறி வந்தீர்கள். ஆற்று மணலில் அவர்கள் கண்முன்னே அடுப்பு மூட்டினீர்கள். விறகு சுமந்தவன் நான்.

"மன்னிப்புக் கேட்டு வேண்டிக்கோங்க மதினி" என்றேன், பயந்து.

"எதுக்கு? அவ பிள்ளையைத்தானே கழுவி விட்டேன்?"

பொங்கல் பொங்கியது. அம்மா அதை ஒரு வாய்கூடத் தொடவில்லை, கடைசிவரை. நீங்களும் இறங்கி வரவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் அப்படியே இருந்து முடித்தீர்கள்.

போன ஆவணியில், உங்கள் கருமாதி வீட்டில், அதே எதிர்வீட்டுக்காரியின் மகள் மெதுவாகச் சொன்னாள்: "மூச்சு வாங்கி இம்புட்டுச் சீரழிஞ்சது அந்தப் பாவந்தேன்." அத்தனை வருசம் மருந்துத் தூசி குடித்த நெஞ்சு வேறு எப்படி மூச்சு விடும்? உறவெல்லாம் பார்க்க நான் எழுந்து சட்டையைக் கழற்றினேன். இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினேன்.

"இங்கன பாரு தாயி. பாவம் எந்த எடத்திலே இருக்குன்னு தொட்டுக் காட்டு."

அவள் தொடவில்லை. யாருமே தொடவில்லை. அண்ணன் மட்டும் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தான்.

கிழட்டுத் தோல்தான் மதினி, சுருங்கிப் போயிருக்கிறது. ஆனால் முழுசாக இருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியாது, உங்களுக்காக வாதாட நாலு நல்ல வார்த்தையும் தெரியாது. உங்களைப் பற்றி எவராவது வாய் திறந்தால் காட்ட இந்தக் கைகள் இருக்கின்றன. திரும்பவும் திறந்தால், மடக்கவும் தெரியும்.